முப்பத்தேழாம் நம்பர் கிளிப்

அந்தத் தொழிற்சாலையில் அவருக்குப் பெயர் ‘மெதுவா சார்’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். யார் நடந்து போனாலும் ‘மெதுவா, மெதுவா’ என்பார். நின்றுகொண்டிருப்பவர்களிடமும் சொல்வார். ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனின் காதருகே குனிந்து, “மெதுவா எந்திரிங்க” என்றார். அந்த மனிதர் பதறித் துள்ளி எழுந்ததில் மேசை விளிம்பில் தலை முட்டி, புளியங்கொட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. அதையும் முறைப்படி படிவத்தில் பதிவு செய்தார். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ‘தூக்கம்’ என்று எழுதினார்.

டப்பாக்களுக்குத் தகர மூடி செய்கிற தொழிற்சாலை அது. நூற்று நாற்பது பேருக்கு ஒரே பாதுகாப்பு அலுவலர் இவர்தான். வேலை என்னவென்றால், எது எங்கே விழும், யார் எதில் மாட்டுவார் என்று மற்றவர்களுக்கு முன்பே யோசித்து மதிப்பெண் போடுவது. ஆபத்து நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண். நடந்துவிட்டால் எவ்வளவு கெடுதி என்று அதேபோல இன்னோர் எண். இரண்டையும் பெருக்க வேண்டும். ஐந்து வரை பச்சை, பதினைந்துக்கு மேல் சிவப்பு, நடுவில் மஞ்சள். சிவப்பு விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தியே ஆக வேண்டும். பச்சை விழுந்தால் ஒருவரும் ஒரு திருகாணிகூடத் தரமாட்டார்கள்.

பதினோரு வருடமாக அவருடைய தொழிற்சாலை முழுக்கப் பச்சைதான். வாசலில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஒரு பலகை. அதில் நாலாயிரத்துப் பதினெட்டு வரை ஏற்றியிருந்தார். வாட்ச்மேன் தலை வீங்கியது அந்தக் கணக்கில் வரவில்லை, ஏனென்றால் தூங்குவது வேலையில் சேராது என்று ஒரு நியாயம் வைத்திருந்தார்.

வீட்டில் கதையே வேறு. அங்கே எல்லாம் மஞ்சளும் சிவப்பும்தான். குளியலறை முக்காலி பன்னிரண்டு. மனைவியின் இஸ்திரிப்பெட்டி பதினாறு. மாமியார் வருகைக்கு வாய்ப்பு ஐந்து, விளைவு நான்கு என்று இருபது போட்டு வைத்திருந்த தாள் ஒருநாள் மனைவியின் கையில் சிக்கிவிட்டது. அந்த அம்மாள் நான்கு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் மனிதர் அந்தத் தாளைத் தேடி எடுத்து, விளைவைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று நான்கை அடித்து ஐந்தாக்கினார். அவ்வளவு நேர்மை.

அவர் எழுதிய விதிகள் நாற்பத்திரண்டு. அதில் பதினாலாவதுதான் அவருக்குச் செல்லப் பிள்ளை. ‘திருப்பங்களில் எதிரே வரும் வண்டி தெரியாது, ஆகவே ஒவ்வொரு திருப்பத்திலும் விசில் ஊதிவிட்டே திரும்ப வேண்டும்.’ இந்த விதியை அந்தத் தொழிற்சாலையில் பின்பற்றிய ஒரே ஜீவன் அவர். கழுத்தில் நீலக் கயிற்றில் தொங்கும் விசிலை எடுத்து ஒவ்வொரு மூலையிலும் ‘பீப் பீப்’ என்று இரண்டு தரம் ஊதுவார். பளபளக்கும் மேல்சட்டை, தலைக்கவசம், இரும்பு முனை வைத்த பூட்ஸ். அவர் கழிப்பறைக்குப் போவதுகூட நூற்று நாற்பது பேருக்கும் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தெரியாது என்பதற்காக உங்களிடமும் எதற்கு மறைக்க வேண்டும்?

பிரஸ் பகுதியில் எட்டு இயந்திரங்கள். மேலே ஒரு இரும்புத் தலை. அது ‘டமக்’கென்று இறங்கினால் கீழே இருக்கும் தகடு மூடியாகிவிடும். நடுவில் கை இருந்தால் கையும் மூடியாகிவிடும். அதனால்தான் ஒவ்வொரு இயந்திரத்திலும் இரண்டு பச்சைப் பொத்தான்களை ஒரு கை நீள இடைவெளியில் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் தலை இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் நடுவில் கை எப்படி இருக்கும்? அருமையான ஏற்பாடு. ஆனால் அடித்து முடித்த மூடி அச்சிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பொத்தானை விட்டு, கையால் மூடியை எடுத்து, அடுத்த தகடு தானாக நகர்ந்து வந்ததும் மறுபடி இரண்டு கையும் பொத்தானுக்குப் போனால் ஒரு ஷிப்டுக்கு மூவாயிரத்து முந்நூறு மூடிதான் வரும். கேட்பதோ நாலாயிரம்.

கேட்பவர் உற்பத்தி மேலாளர். அவருக்கு ‘இன்னுங்கொஞ்சம்’ என்று பெயர். எவ்வளவு செய்து காட்டினாலும் அதைத்தான் சொல்வார்.

ஆகவே தொழிலாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இடது பொத்தானுக்கும் அதைச் சுற்றியிருக்கும் இரும்பு வளையத்துக்கும் நடுவே துணி காயப்போடும் கிளிப் ஒன்றைச் செருகினால் பொத்தான் அமுங்கியபடியே நிற்கும். அப்புறம் வலது கை மட்டும் அமுக்கினால் போதும். இடது கை அச்சுக்குள் போய் மூடியை எடுத்துக்கொண்டே இருக்கலாம். அந்தக் கை வெளியே வருவதற்குள் வலது கை அவசரப்பட்டால் என்ன ஆகும் என்று யாரும் பேசுவதில்லை. பேசினால் எண்ணிக்கை குறையும்.

‘பீப் பீப்’ என்று சத்தம் கேட்டால் போதும், எட்டு கிளிப்பும் எட்டு சட்டைப்பைக்குள் போய்விடும். மெதுவா சார் உள்ளே வரும்போது எட்டுப் பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி இரண்டு கையையும் பொத்தானில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அவர் கண்கள் பனிக்கும். ‘வாய்ப்பு ஒன்று, விளைவு ஐந்து, பெருக்கினால் ஐந்து, பச்சை’ என்று எழுதிவிட்டுப் போவார்.

இந்தக் கிளிப் யோசனையின் கர்த்தா, மூன்றாம் பிரஸ்ஸில் நிற்பவன். அவன் வேறு யாருமில்லை, மெதுவா சாரின் சொந்த மச்சினன், மனைவியின் தம்பி. கிளிப்புகள் வந்துகொண்டிருந்த இடமும் வேறெதுவும் இல்லை, மெதுவா சார் வீட்டு மொட்டை மாடிதான்.

மச்சினனுக்கு விரல்கள் பத்தும் பம்பரமாகச் சுழலும். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அவன் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடிந்ததும் விடியாததுமாக வேலைக்குப் போய்விடுவாள். மூன்று பெண் பிள்ளைகளை எழுப்பி, குளிப்பாட்டி, ஆளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்புவது அவன் பொறுப்பு. மூன்று தலை, ஆறு பின்னல், பதினொரு நிமிடம். வகிடு எடுத்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண்கள் சீப்பும் கையுமாக வந்து வரிசையில் நின்றுவிட்டுப் போவதும் உண்டு. அந்தக் கைகளைத்தான் அவன் பகல் முழுக்க இரும்புத் தலைக்கடியில் விட்டு எடுத்துக்கொண்டிருந்தான். சொல்லும்போது எனக்கே கோபம் வருகிறது.

மெதுவா சாரின் மனைவி வீட்டில் வைத்தே துணி துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் தொழில் செய்பவர். கிளிப்தான் அந்தத் தொழிலின் உயிர். ஒரு டஜன் காணோம், இன்னொரு டஜன் காணோம் என்று அவர் புலம்ப ஆரம்பித்ததும் மெதுவா சார் படிவத்தை எடுத்தார். வாய்ப்பு நான்கு, விளைவு இரண்டு, எட்டு, மஞ்சள். சந்தேகத்துக்கு உரியவர்கள்: காற்று, காகம், எதிர்வீட்டுப் பூனை. ஒரு விடுமுறை நாள் முழுக்கத் தலைக்கவசத்தோடு மாடியில் உட்கார்ந்து காகத்தைக் கண்காணித்தார். காகமும் அவரைக் கண்காணித்தது. கடைசியில் காகத்துக்குத்தான் முதலில் அலுத்துப்போனது.

பிறகு புதிதாக அறுபது நீலக் கிளிப் வாங்கி, சிவப்பு பெயிண்டில் ஒன்று முதல் அறுபது வரை ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதினார்.

“நம்பர் போட்டா காக்கா பயந்துடுமா?” என்றார் மனைவி.

“எது போச்சுன்னு தெரியும்ல?”

“எது போனா என்னங்க? எனக்கு எண்ணிக்கைதானே வேணும்.”

“கண்காணிப்புன்னா அப்படித்தான். நீ கம்முனு இரு.”

ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சினன் மூன்று பெண்களோடு சாப்பிட வருவான். சாப்பிட்டு முடித்ததும் ‘காத்து வாங்கிட்டு வரேன்’ என்று மாடிக்குப் போவான். திரும்பி வரும்போது அவன் டிபன் பாக்ஸ் லேசாகக் கடகடக்கும். மெதுவா சார் அவனிடம் “படியில மெதுவா, மாப்ள” என்பார். அவனும் மெதுவாகவே இறங்குவான். தொழிற்சாலையில் அந்த நம்பர்களுக்குப் பெரிய கிராக்கி. ஏழாம் நம்பர் ராசியானது என்று இரண்டு பேர் அதற்குச் சண்டை போட்டார்கள். எண்ணெய் பட்டு வழுக்க ஆரம்பித்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கேட்பார்கள். இரண்டு மாதத்தில் அறுபதில் நாற்பத்தொன்று போயிருந்தது. மெதுவா சார் எந்தெந்த நம்பர் போயிற்று என்று ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எல்லாவற்றுக்கும் முடிவு வந்தது ஒரு சட்டைப்பையால்.

அன்று மனைவி அவசரத்தில், பையில் கிடந்த விசிலோடு சேர்த்துச் சட்டையை ஊறவைத்துவிட்டார். விசிலுக்குள் உருளும் சின்னத் தக்கை உருண்டை தண்ணீரைக் குடித்து உப்பிவிட்டது. மறுநாள் காலை தொழிற்சாலையின் முதல் திருப்பத்தில் மெதுவா சார் ஊதினார். ‘புஸ்’ என்று காற்று மட்டும் வந்தது. உதறிப் பார்த்தார், வெயிலில் காட்டினார், கோபத்தில் கன்னம் இரண்டும் வீங்க ஊதினார். எச்சில்தான் தெறித்தது. போதாக்குறைக்கு, முந்தைய நாள் இரும்பு பூட்ஸைக் கழற்றும்போது அதுவே கால் கட்டைவிரலில் விழுந்து நகம் கன்றியிருந்ததால் ரப்பர் செருப்பில் வந்திருந்தார். பாதுகாப்புக் காலணியால் காயம் என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் அந்தப் படிவம் இன்னும் வெறுமையாக இருந்தது.

விசில் இல்லாமல் திரும்பக் கூடாது. அது விதி. எழுதியவரே மீறலாமா? பிரஸ் பகுதிக்கு முந்தைய திருப்பத்தில் அப்படியே நின்றார். யாராவது வந்தால் அவர்களை முன்னே விட்டுப் பின்னாலேயே போய்விடலாம் என்று எண்ணம். இருபது நிமிடம் ஒரு ஈ காக்கை வரவில்லை. சரக்கு வண்டி ஓட்டுபவர் டீ குடித்துக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கடைசியில் வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்திக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். சத்தம் இல்லாமல் திரும்பினார்.

முதல் இயந்திரத்தில் நீலமாக ஏதோ தெரிந்தது. பன்னிரண்டு என்று சிவப்பு எழுத்து. அவருடைய கையெழுத்து. இரண்டாவதில் நாற்பத்தொன்று. மூன்றாவதில் எட்டு. எட்டுக்குப் பின்னால் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். இடது கை அச்சுக்குள் போகிறது, வருகிறது. இரும்புத் தலை இறங்குகிறது. கை போகிறது, வருகிறது, தலை இறங்குகிறது. வாயில் ஏதோ பாட்டு வேறு.

மெதுவா சாருக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. வாய் திறந்தும்விட்டது. ஆனால் அதற்குள் அவர் மண்டையில் அவரே எழுதிய இருபத்தாறாம் விதி உறைத்தது. ஓடும் இயந்திரத்தில் இருப்பவனைக் கூப்பிடாதே. திடுக்கிட்டால் கை தப்பும். வாட்ச்மேனின் வீங்கிய தலையும் ஞாபகத்துக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார். மெயின் சுவிட்ச் எதிர்ச் சுவரில், பதினாலு அடி தள்ளி இருந்தது. ஓடினால் ஆள் நிழல் ஆடும், அவன் திரும்புவான். ஆகவே வாழ்நாளெல்லாம் ஊருக்குச் சொன்னதை அன்று தனக்கே சொல்லிக்கொண்டு மெதுவாக நடந்தார். ரப்பர் செருப்பு. தூக்கிய கையை இறக்கக்கூட மறந்துவிட்டார். ஒவ்வொரு ‘டமக்’குக்கும் ஓர் அடி வைத்தார். சுவிட்சை இறக்கியபோது எட்டு இயந்திரமும் ஒரே மூச்சில் அடங்கின.

எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பேயறைந்தது போல, ஒரு கையைத் தூக்கிக்கொண்டு மெதுவா சார் நின்றார்.

“என்ன மாமா, ஊதாம வந்துட்டீங்க?” என்றான் மச்சினன். அவன் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

“மாப்ள, கையைக் காட்டு.”

“எதுக்கு மாமா?”

“காட்டுடா!”

காட்டினான். பத்தும் இருந்தன. மெதுவா சார் அருகில் இருந்த தகட்டுக் கட்டின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தகட்டுக் கட்டின் மேல் உட்காரக் கூடாது என்பது ஒன்பதாம் விதி.

“எத்தனை நாளா நடக்குது இது?”

ஏழாம் பிரஸ்காரர், வயதில் மூத்தவர், தொண்டையைச் செருமினார். “நீங்க வேலைக்குச் சேர்ந்த மறு வருஷத்துல இருந்து சார். முதல்ல மரத்துண்டு வெச்சோம். அது நழுவும். கிளிப் வந்தப்புறம்தான் வசதி.”

“நான் தினம் வரேனே! ஒரு நாள்கூட என் கண்ணுல படலையே!”

“அதான் விசில் ஊதுறீங்களே சார்,” என்றார் அவர், ஒரு நல்ல செய்தி சொல்கிறவரைப் போல. “ரெண்டு தரம் ஊதுவீங்க. ஒண்ணு எடுக்க, ஒண்ணு பையில போட. அந்த விஷயத்துல உங்க மேல எங்களுக்கு ரொம்ப மரியாதை.”

மெதுவா சார் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்தார். பதினோரு வருடப் பச்சையும் அந்த விசில் போட்ட பச்சை என்று அப்போதுதான் உறைத்தது. அவமானத்தில் காது மடல் வரை சூடேறியது. அழுகை வந்தது. தலைக்கவசத்தை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

பிறகு எழுந்து அலுவலகம் போய் ஒரு பூட்டைக் கொண்டுவந்தார். சிவப்புப் பூட்டு. சுவிட்சைப் பூட்டிவிட்டால், பூட்டியவர் தவிர யாரும் திறக்கக் கூடாது என்று பத்தாம் விதியில் எழுதி, பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்தது. பதினோரு வருடத்தில் முதல் முறையாக அதன் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்தார். மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியை விசில் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

சத்தம் நின்ற ஐந்தாவது நிமிடம் இன்னுங்கொஞ்சம் வந்து சேர்ந்தார்.

“என்ன சார் இது? வெள்ளிக்கிழமை லாரி வருது. ஒரு லட்சம் மூடி போகணும்.”

“வாய்ப்பு அஞ்சு, விளைவு அஞ்சு. இருபத்தஞ்சு. சிவப்பு சார்.”

“நேத்து வரைக்கும் பச்சைன்னு உங்க கையெழுத்து இருக்கு. ராத்திரியோட ராத்திரியா சிவப்பாயிடுச்சா?”

“நேத்து வரைக்கும் நான் பாக்கல சார்.”

“பதினோரு வருஷமா யாருக்கும் ஒண்ணும் ஆகலயே! இன்னும் கொஞ்ச நாள், லாரி போகட்டும். அப்புறம் நீங்க பூட்டுங்க, பெயிண்ட் அடிங்க, என்ன வேணா பண்ணுங்க.”

“முடியாது சார்.”

‘முடியாது’ என்ற சொல்லை அவர் அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம் தவிர. மனைவியிடம் சொன்னபோதும் பலித்ததில்லை. இன்னுங்கொஞ்சம் அவரை மேலும் கீழும் பார்த்தார். “நாளைக்குக் காலை எட்டு மணி. சாவி என் மேசையில இருக்கணும். இல்லன்னா உங்க ராஜினாமா இருக்கணும். ரெண்டுல ஒண்ணு.”

மச்சினனும் மெதுவா சார் பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டான். “மாமா, எனக்காகவா வேலையை விடப் போறீங்க? ஒண்ணும் ஆகாது மாமா. இந்தக் கை எப்படிப்பட்ட கைன்னு உங்களுக்கே தெரியும்.”

“தெரிஞ்சதாலதான்டா.”

சாயங்காலம் மாடியில் ஈரத்துணிக்கு நடுவே நின்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் அப்படிக் கேட்டது அதுவே முதல் தடவை. கடைசியில் இரண்டே கேள்விதான் கேட்டார்.

“அப்போ காக்கா எடுக்கல?”

“எடுக்கல.”

“என் தம்பிதான்?”

“ஆமா.”

“நாளைக்குக் காலையில அவன் வீட்டுக்குப் போறோம். அந்த நோட்டை எடுத்துக்குங்க. என் கிளிப் எண்ணி வாங்காம நான் வர மாட்டேன்.”

காலை ஆறே முக்காலுக்கு இருவரும் போனபோது மச்சினன் வீட்டில் மூன்று பெண்களும் உயர வரிசையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். சீப்பு, ரிப்பன், எண்ணெய்க் கிண்ணம் எல்லாம் தயார். அக்காவைக் கண்டதும் அவன் உள்ளே ஓடி ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினான். முந்தைய நாளே எல்லோரிடமும் வசூல் செய்திருந்தான். குப்பைத்தொட்டியைக்கூடக் கிளறியிருக்கிறான். அக்கா தரையில் கொட்டி எண்ணினார்.

“நாப்பது. ஒண்ணு குறையுதே?”

மெதுவா சார் நோட்டைப் புரட்டி ஒவ்வொன்றாக டிக் அடித்தார். “முப்பத்தேழு இல்ல.”

“ஒரு கிளிப்தானேக்கா. எங்கயாவது விழுந்திருக்கும். புதுசு வாங்கித் தரேன்.” அவன் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் எழுந்து போய்த் தம்பியின் இடது கையைச் சட்டைக்கையிலிருந்து உருவி, சட்டைக்குள்ளேயே முதுகுக்குப் பின்னால் மடக்கி, மேலே சட்டையைச் சேர்த்து நாலு கிளிப் போட்டார். ஈரப் போர்வையைக் கொடியில் மாட்டுகிற அதே வேகம். கை உள்ளே சிக்கிக்கொண்டது.

“என்னக்கா பண்ற?”

“ஒண்ணுமில்ல. பின்னு.”

“ஒரு கையாலயா?”

“ஒரு கையாலதான் இவ்வளவு நாளா மூடி அடிச்சியாமே. அதே மாதிரி இதையும் பின்னு. பிள்ளைங்களுக்கு ஸ்கூலுக்கு நேரமாகுது.”

அவன் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். கடைக்குட்டியின் தலைதான் முதல். வகிடு எடுத்தான், ரோடு போட்டுப் பாதியில் விட்ட மாதிரி வந்தது. முடியை மூன்றாகப் பிரித்து ஒன்றைப் பிடித்தால் மற்ற இரண்டும் ஓடின. ரிப்பனைப் பல்லால் கடித்தான். முழங்காலால் அழுத்தினான். தாடையைக் கொண்டு தலைக்கு முட்டுக்கொடுத்தான். பெரிய பெண்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெதுவா சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்டூலின் ஆட்டத்தைப் பார்த்து “மெதுவா, மெதுவா” என்று வேறு சொன்னார். கடைக்குட்டி மட்டும் சிரிக்கவில்லை. சமர்த்துப் பெண். வலிக்கிறது என்று சொல்லாமல் பொறுத்துப் பார்த்தாள். பிறகு மெல்லத் திரும்பி, தொங்கிக்கொண்டிருந்த வெறும் சட்டைத்துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்பா, அந்தக் கை எங்கப்பா போச்சு?”

சீப்பு கீழே விழுந்தது. மச்சினன் அதை எடுக்கவில்லை. பிறகு அலமாரிப் பக்கம் போய், ஒற்றைக் கையால் துணிகளைத் தள்ளி, அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மெதுவா சாரிடம் கொடுத்தான்.

பிரித்தார். உள்ளே நீல நிறத்தில் வட்டமாக ஒன்று. மூடி அளவு, மூடி வடிவம், தாளைப் போல நசுங்கிய பிளாஸ்டிக். நடுவில் கம்பிச்சுருள் பதிந்திருந்தது. ஓரத்தில் சிவப்பு பெயிண்ட் அகலமாகப் பரவி, ஆனாலும் படிக்கும்படி இருந்தது. முப்பத்தேழு.

“மூணு வாரம் ஆச்சு மாமா,” என்றான். “பையில வெச்சிருந்த இன்னொரு கிளிப் குனியும்போது அச்சுக்குள்ள விழுந்துடுச்சு. எடுக்கலாம்னு கையை விட்டேன். இந்தக் கை எடுக்கப் போகுது, அந்தக் கை பழக்கத்துல அமுக்கிடுச்சு. எப்படி வெளிய இழுத்தேன்னு தெரியல. நகத்துல காத்து பட்டுச்சு மாமா. அன்னைக்குக் கழிப்பறையில போயி அழுதேன்.”

“அதுக்கப்புறமும் கிளிப் போட்டியா?” என்றார் அக்கா.

“போட்டேன்க்கா. எல்லாரும் போடுறாங்க. நாலாயிரம் வரணுமே.”

அந்த அம்மாள் அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அதே கையால் நாலு கிளிப்பையும் கழற்றினார். பிறகு அவனுடைய இடது கையை இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் அழுதுகொண்டே இருவரும் சேர்ந்து ஆறு பின்னலையும் போட்டு முடித்தார்கள்.

எட்டு மணிக்கு மெதுவா சார் மேலாளரின் மேசை முன்னால் நின்றார். சாவி கழுத்திலேயே இருந்தது. ராஜினாமாவும் எழுதி வந்திருந்தார், சட்டைப்பையில். இரண்டையும் எடுக்காமல், அந்த நீல வட்டத்தை மேசைமேல் வைத்தார்.

“இது என்ன மூடி? நம்ம மூடி இல்லையே,” என்றார் இன்னுங்கொஞ்சம்.

“நம்ம மூணாம் பிரஸ் அடிச்சதுதான் சார். அடிக்கும்போது பக்கத்துல ஒரு கை இருந்துச்சு.”

மேலாளர் அதைத் திருப்பிப் பார்த்தார். கம்பிச்சுருள் பதிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் எப்போதும் தயாராக இருக்கும் அந்த இரண்டு சொற்கள் அன்று வரவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். மேலேயிருந்து அவரிடமும் யாரோ இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

“என்ன பண்ணணும்?” என்றார் கடைசியில்.

இயந்திரங்களைப் பழுது பார்க்கும் பிட்டரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “அச்சுக்குப் பக்கத்துல ஒரு காத்துக் குழாய் வெச்சா மூடியை அதுவே ஊதித் தள்ளிடும். கையே உள்ள போக வேண்டாம். ஆறு வருஷத்துக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்தேன். பிரஸ் பகுதி பச்சையில இருக்கு, செலவு எதுக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

மெதுவா சார் தரையைப் பார்த்தார்.

எட்டு இயந்திரத்துக்கும் குழாய் வைக்க இரண்டு நாள் ஆயிற்று. லாரி ஒரு நாள் நின்றது. உலகம் ஒன்றும் முடிந்துவிடவில்லை. பழைய பொத்தான்களையும் மாற்றினார்கள். ஒன்று அமுங்கியே இருந்தால் இயந்திரம் அசைய மறுக்கும் புது மாதிரி. இரண்டு கையும் பொத்தானிலேயே இருந்தபடி மூவாயிரத்துத் தொள்ளாயிரம் மூடி வந்தது. இன்னுங்கொஞ்சம் வந்து எண்ணிக்கையைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மெதுவா சார் அந்த நீல வட்டம் இருந்த சட்டைப்பையில் கைவிட்டதும் மூடிக்கொண்டார்.

முப்பத்தேழாம் நம்பருக்காக எழுதிய படிவத்தில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் மெதுவா சார் ‘பாதுகாப்பு அலுவலரின் விசில்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். வாட்ச்மேனின் பழைய படிவத்தையும் தேடி எடுத்து, ‘தூக்கம்’ என்பதை அடித்துத் தன் பெயரை எழுதினார். வாசல் பலகையில் இருந்த நாலாயிரத்துச் சொச்சத்தை அழித்துப் பூஜ்யம் போட்டார். விபத்தே நடக்காமல் எதற்குப் பூஜ்யம் என்று எல்லோரும் கேட்டார்கள். “பாக்க ஆரம்பிச்சே இப்பத்தான் மூணு நாள் ஆகுது” என்றார். பதினாலாம் விதியைத் திருத்தி, திருப்பங்களில் வளைந்த கண்ணாடி மாட்ட வைத்தார். இப்போது அவர் ரப்பர் அடி வைத்த பாதுகாப்புக் காலணியில் வருகிறார். எப்போது வருவார் என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. சட்டைப்பையில் கிளிப் இல்லாததால் ஒருவரும் கவலைப்படுவதும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மச்சினன் மாடிக்குப் போனான். இந்தத் தடவை ஒரு வாளி ஈரத்துணியோடு. அக்காவின் உத்தரவு, ஆறு மாதத்துக்கு. அவன் துணியை உதறிக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டி, அடுத்ததை எடுத்தான். மெதுவா சார் பின்னாலேயே போய்ப் படிக்கட்டு ஓரத்தில் நின்று, விரலை நீட்டி நீட்டி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

“அம்பத்தொம்போதும் இருக்குங்க, நான் எண்ணிட்டேன்,” என்றார் மனைவி.

“கிளிப்பை எண்ணல,” என்றார் அவர்.

மச்சினன் அடுத்த துணிக்குக் குனிந்தான். மெதுவா சார் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். பத்து வரை வந்தது.